சுழி கூடினால் மணம்: பத்திரிகை எழுத்து குறித்துச் சில குறிப்புகள்

1

மேற்குத் தாம்பரத்தில், சண்முகம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் டிடிபி கடைக்குப் பக்கம் கட்டுவதற்காக அடிக்கடி போகிறவன் நான். வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் அங்கே நம் இதழுக்கு இடமில்லை. கல்யாணப் பத்திரிகைகள் முடிந்து, நகரமைப்பு மனை விற்பனைத் துண்டறிக்கைகள் முடிந்து, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் முடிந்த பிறகுதான் விமர்சனம், கோட்பாடு எல்லாம். அது நியாயமான வரிசைதான்.

அப்படிக் காத்திருந்த ஒரு மாலையில், தூய்மைப் பணியாளர் ஒருவர் மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். விஷயத்தை மகளே நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். மேலே பிள்ளையார் சுழி இல்லை. அந்த இடத்தில் ‘அம்பேத்கர் படம்’ என்று எழுதி ஒரு கட்டம் போட்டிருந்தது. அவர் மாதிரி ஆல்பத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். இங்கிலீஷ் எழுத்து, ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு சாய்ந்து ஓடும் எழுத்து, முதலெழுத்தின் வால் மூன்று வரி கீழே இறங்கிச் சுருண்டிருந்தது.

“இந்தச் சுழிச்சு சுழிச்சு வருது பாருங்க, இது மாதிரி. தமிழ்லயும் இதே மாதிரி வேணும்.”

“தமிழ்ல அப்பிடி வராதுண்ணா. வந்தாலும் படிக்கக் கஷ்டமா இருக்கும்.”

“படிக்கவா தம்பி பத்திரிகை வைக்கிறோம்? கூப்பிடத்தானே வைக்கிறோம். எங்க அப்பா கல்யாணத்துக்கு வாயால சொன்னதோட சரி. இது எம் பொண்ணு கல்யாணம்.”

அவர் போன பிறகு, உடன் வந்திருந்த நண்பர் (நல்ல வாசகர், களப்பணியாளரும்கூட) சிரித்தார். “பாருங்க, யாருடைய அழகை யார் கேட்கிறார்கள்” என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

2

சாய்ந்து இணைந்து ஓடும் இந்த எழுத்துருக்களை நாம் பிரபுத்துவத்தின் எழுத்தாக வாசிக்கப் பழகியிருக்கிறோம். அரண்மனை, சீமாட்டி, நறுமணத் தைலப் புட்டி, ஐந்து நட்சத்திர விடுதி. ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் எழுந்திருக்கும் அடுக்ககங்களின் பெயர்ப் பலகைகளும் இந்த வாசிப்பையே நம்பி எழுதப்படுகின்றன. ஆனால் இதன் வம்சாவளியைத் தோண்டினால் அரசனும் இல்லை, சீமாட்டியும் இல்லை. குமாஸ்தாதான் உட்கார்ந்திருக்கிறான்.

பத்திரிகைகளில் புழங்கும் லத்தீன் அழகெழுத்துகளைத் தோராயமாக இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்று, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் போப்பாண்டவரின் அலுவலக எழுத்தர்கள் அகலமுனைப் பேனாவால் எழுதிய சான்சரி எழுத்து. ஹெர்மன் சாஃப் 1979இல் வடித்த சாஃப் சான்சரி இந்தக் குடும்பம். நம் டிடிபி கடைகளில் தேய்ந்துபோகும் அளவுக்குப் பயன்பட்ட மோனோடைப் கார்சிவாவும் இதில்தான் சேரும். மற்றது, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தில் வணிகம் பெருத்தபோது கூராகச் சீவிய இறகுப் பேனாவால் எழுதப்பட்ட வட்டக்கை எழுத்து. அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும். கையை எடுக்காமல் எழுதலாம் என்பதால் வேகம். கடிதம், ரசீது, கணக்கு எல்லாம் இதில். ஜார்ஜ் பிக்காம் 1733 முதல் 1741 வரை செப்புத் தகட்டில் செதுக்கி வெளியிட்ட ‘யுனிவர்சல் பென்மேன்’ இந்தக் கையெழுத்தின் பெரும் மாதிரிப் புத்தகம். அதன் பக்கங்கள் எழுத்துக் கலையோடு வணிக ஆவணங்களின் வாசகங்களையும் கற்றுக்கொடுத்தன.

இந்தக் கை சென்னைக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் வரிசையில் அடிப்படியில் இருந்தவனுக்குப் பெயரே ‘ரைட்டர்’. 1744இல் புனித ஜார்ஜ் கோட்டையில் வந்து இறங்கிய ராபர்ட் கிளைவ் ஒரு ரைட்டர். பிறகு அவன் பேனாவை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தது வேறு விஷயம். நம் காவல் நிலையங்களில் ‘ரைட்டர்’ இன்னும் இருக்கிறார். புகார் கொடுக்கப் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பேனா எழுதுமா எழுதாதா என்பதில் எவ்வளவு அதிகாரம் தங்கியிருக்கிறது என்று.

ஆக, கணக்குப் பிள்ளையின் கை அரச லட்சணமாக மாறியது காலனியத்தின் வழியாகத்தான். அந்த மாற்றம் ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிடவில்லை. நம் பிள்ளைகளின் புத்தகப் பையிலும் இருக்கிறது. இங்கிலீஷுக்கு நாலு கோடு நோட்டு, தமிழுக்கு ரெண்டு கோடு நோட்டு. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று எந்த மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போனாலும் இங்கிலீஷைச் சேர்த்தெழுதப் பழக்குகிறார்கள். தமிழைத் திருத்தமாக எழுதினால் போதும் என்கிறார்கள். ஒரு மொழிக்கு நளினம், இன்னொன்றுக்குத் திருத்தம். ஆறு வயதில் போடப்படும் இந்தப் பிரிவினைதான் இருபத்தைந்து வயதில் கல்யாணப் பத்திரிகையாக அச்சாகிறது. வரவேற்புக்கு இங்கிலீஷ் பக்கம், வழியும் எழுத்தில். முகூர்த்தத்துக்குத் தமிழ்ப் பக்கம், விறைத்த எழுத்தில். இங்கிலீஷ் அழகு காட்டுகிறது. தமிழ் விவரம் சொல்கிறது.

3

“தமிழ்ல அப்பிடி வராது” என்ற கடைக்காரர் சோம்பேறித்தனத்தால் சொல்லவில்லை. அதில் ஒரு எழுத்தியல் உண்மை இருக்கிறது.

தமிழ் எழுத்து பல நூற்றாண்டுகள் ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. கீறிய பள்ளத்தில் மை தடவித் துடைத்தால் கோடு தெரியும். எழுத்தாணிக்குத் தடிப்பு, மெலிவு என்று இரண்டு குரல் கிடையாது. ஒரே கனத்தில்தான் பேசும். லத்தீன் அழகெழுத்தின் உயிரே பேனா அழுத்தத்தால் வரும் தடிப்பு மெலிவில் இருக்கிறது. ஆகவே ‘அதே மாதிரி’ என்று கேட்கும்போது, நம் எழுத்து பிறந்த கருவியே வேறு என்பதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. லத்தீனில் சுழி அலங்காரம். ஒரு ‘ஆர்’ எழுத்தின் வாலை எத்தனை சுற்று சுற்றினாலும் அது ‘ஆர்’தான். தமிழிலோ சுழி என்பதே பொருள். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்றுதான் நாம் எழுத்தைச் சொல்லியே கொடுக்கிறோம். ஒரு சுழி கூடினால் மனம் மணமாகிறது. ஒன்று குறைந்தால் திருமணம் திருமனமாகிறது. கொம்பில் சுழி ஏறினால் ‘கெ’ ‘கே’ ஆகிறது. வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்லப்படும் இந்தத் திருத்தம் முழுக்கமுழுக்கச் சுழியின் மேல் கட்டப்பட்டது. அழகுக்காக ஒரு சுழியை வைக்கப் போனால் வேறொரு சொல் பிறந்துவிடும் ஆபத்து உள்ள எழுத்து இது. தமிழில் அழகெழுத்து செய்கிறவன் அலங்காரம் செய்வதற்கு முன்னால் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அச்சின் பொருளாதாரம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, தமிழ் அச்செழுத்தின் வரலாறு செலவோடு நடத்திய பேரத்தின் வரலாறுதான். தரங்கம்பாடி மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்து பெரிதாக இருந்து தாளைத் தின்றது. இங்கேயே சிறிய எழுத்தை வார்த்துக்கொண்டார்கள். ஈயக் காலத்துக் கம்பாசிட்டருக்கு ஒரு முகத்துக்கே அத்தனை அறைகள் கொண்ட கேஸ் வேண்டும். இதில் அலங்கார முகம் ஒன்றுக்கு மேல் யார் வைத்திருக்க முடியும்? அதனால்தான் ட்ரெடில் அச்சகங்களில் தலைப்பை மட்டும் ஓவியரிடம் எழுதி வாங்கி பிளாக் எடுத்தார்கள். சாய்வெழுத்துக்குத் தமிழில் மரபே இல்லை. கணினி வந்ததும் நிமிர்ந்த எழுத்தை அப்படியே இழுத்துச் சாய்த்துவிட்டு அதைச் சாய்வெழுத்து என்றோம். ‘ட’வும் ‘ப’வும் காற்றில் சாயும் கீற்றுக்கொட்டகை மாதிரி நிற்கும். நம் சிறுபத்திரிகைகள் மேற்கோள்களுக்கு இதைத்தான் இன்றும் பயன்படுத்துகின்றன.

4

எழுத்தில் எது தேவை, எது அணி என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் அரசியலாக்கியவர் பெரியார். 1935இல் குடி அரசு இதழில் அவர் கையாண்ட சீர்திருத்த எழுத்தின் வாதம் எளிமையானது: கற்கவும் அச்சடிக்கவும் இடைஞ்சலாக இருப்பதை வெட்டு. பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் வளைந்து நின்ற யானைத் தும்பிக்கை போனது. ணா, றா, னா போன்றவற்றின் கீழ்ச்சுற்று போய் எல்லாருக்கும் போடும் கால் வந்தது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு 13 எழுத்துகளில் இதை ஏற்று ஆணையிட்டது. ‘அய்’, ‘அவ்’ ஏற்கப்படவில்லை. அதற்கு முன்பே, 1967க்குப் பின் அரசு ஏடுகளில் ‘ஸ்ரீ’ இறங்கித் ‘திரு’ ஏறியிருந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்ததும் அதே காலம்தான். எழுத்து, விளி, சடங்கு மூன்றிலும் ஒரே கத்தி.

“ஒனக்கென்ன கொம்பா மொளைச்சிருக்கு?” என்று கேட்கும் ஊரில், எழுத்தின் தும்பிக்கையை வெட்டுவது வெறும் அச்சுச் சிக்கனமாக மட்டும் இருந்திருக்க முடியாது.

ஆனால் வெட்டிய அணி எங்கே போனது என்று நாம் கேட்கவில்லை. அது பத்திரிகைக்குப் போனது. பாடநூலும் செய்தித்தாளும் சீர்திருத்த எழுத்துக்கு மாறிய பிறகும், கல்யாணப் பத்திரிகையின் ‘ஸ்ரீ’ சுருண்டு சுருண்டு வளர்ந்தது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அட்டை வாங்கி, பெயருக்குப் பின்னால் சாதியைப் பொன்முலாமில் அடித்தார்கள். அரசாங்கத் தாளில் வைக்கக் கூசியதைப் பத்திரிகையில் கூசாமல் வைத்தார்கள். யாருக்கு வாசலில் நின்று கொடுப்பது, யாருக்குக் கூடத்தில் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பது, யாருக்குச் சேதி மட்டும் சொல்லி அனுப்புவது என்ற படிநிலையின் காகித வடிவம் அது. அழைப்பு என்பது அன்பு மட்டுமல்ல. அது ஒரு வரைபடம். தெருவில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டும் வரைபடம்.

அந்த வரைபடத்தில் இடமே இல்லாமல் வைக்கப்பட்டிருந்த ஒருவர், வாயால் மட்டும் சொல்லப்பட்ட கல்யாணத்தின் பிள்ளை, இன்று வந்து ‘சுழிச்ச எழுத்து’ கேட்கிறார். பிள்ளையார் சுழியை எடுத்துவிட்டு மற்ற சுழிகளைக் கேட்கிறார். இதைப் ‘போலச்செய்தல்’ என்று ஒதுக்கிவிடும் வசதி நமக்கு எங்கிருந்து வந்தது?

5

நம் ரசனையையும் கொஞ்சம் விசாரிப்போம். எழுத்துரு கண்ணில் படக் கூடாது, வழியே பொருள் மட்டும் தெரிய வேண்டும் என்ற வாதம் அச்சுலகில் பிரபலம். பியாட்ரிஸ் வார்ட் 1930இல் ஆற்றிய உரையில் நல்ல அச்சைப் பளிங்குக் கோப்பைக்கு ஒப்பிட்டார். பொன் கோப்பையில் மதுவின் நிறம் தெரியாது என்பது அவர் கட்சி. நவீனத்துவர்கள் நமக்கும் இது உவப்பானது. ஆனால் பளிங்குக் கோப்பையும் ஒரு வீட்டு அலமாரியில்தானே இருக்கிறது? ரசனை தனிமனிதர் சொத்தல்ல, வர்க்கம் தன்னைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலி என்று பூர்தியூ 1979இலேயே விரிவாக எழுதிவிட்டார். ‘பகட்டு’ என்று நாம் முகம் சுளிக்கும் இடத்தில் எல்லாம் அந்த வேலியைத்தான் செப்பனிடுகிறோம்.

சிறுபத்திரிகைகளுக்கும் ஒரு அழகெழுத்து இருந்தது, இருக்கிறது. ஓவியர் ஆதிமூலம் (1938–2008) இதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். கோணலும் முறிவுமாக, தூரிகையின் வேகம் தெரிய, வணிக இதழ்களின் கொழுகொழுப்புக்கு எதிராக நின்ற எழுத்து அது. தமிழ் எழுத்தின் உடம்புக்குள்ளிருந்தே நளினத்தை எடுத்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரைத் தொடர்ந்து வந்த நகல்களில் அந்தக் கோணல் ஒரு முத்திரையாகிவிட்டது. ‘இது தீவிர இலக்கியம், தெரிந்தவர்கள் மட்டும் வரவும்’ என்று சொல்லும் முத்திரை. அதுவும் ஒரு அழைப்பிதழ் எழுத்துதான். யாரை அழைக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லும் அழைப்பிதழ். அந்த மனிதர் சுழித்த எழுத்தைக் கேட்டபோது நாங்கள் சிரித்த சிரிப்பு இந்தக் கோணல் எழுத்தில்தான் எழுதப்பட்டிருந்தது.

இதற்கு எதிர்த் திசையில் ஓடும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ‘மக்கள் விரும்புகிறார்கள், ஆகவே இது மக்கள் அழகியல்’ என்கிறார்கள். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து, தட்டைப் பிரஷ்ஷோடு சாரத்தில் ஏறிச் சுவரெழுத்தும் போர்டும் எழுதிய கலைஞர்களின் கையை ஓயவைத்தபோது, அந்த மக்கள் அழகியல் எங்கே போயிற்று என்று இவர்கள் கேட்கவில்லை. தமிழ்க் கொம்பையும் சுழியையும் ஆள் உயரத்துக்கு எழுதத் தெரிந்த கைகள் அவை. பொருள் கெடாமல் அணி சேர்க்கும் இலக்கணம் அந்தக் கைகளுக்குத் தெரியும்.

6

சாய்வும் நளினமும் தமிழுக்கு ஆகாது என்று முடிவு கட்டவும் தேவையில்லை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடித்து, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமத்தில் கிடைக்கும் ‘கவிவனார்’ எழுத்துருவைப் பாருங்கள். இழுத்துச் சாய்த்த எழுத்தல்ல அது; கை எழுதும்போது தானாக விழும் சாய்வு. எழுத்துகள் கைகோத்துக்கொள்வதில்லை, தமிழில் அவை கோத்துக்கொள்வதும் இல்லை. சுழிகளின் கணக்கு பிசகவில்லை. லத்தீனின் அரண்மனை வாலை ஒட்டவைக்காமல், கடிதம் எழுதும் ஒரு தமிழ்க் கையின் ஓட்டத்தை அது பிடிக்கப் பார்க்கிறது. டிடிபி கடைக்காரர் அந்தப் பத்திரிகையைக் கடைசியில் இதில்தான் போட்டுக் கொடுத்தார். மகள் பார்த்துவிட்டு “எங்கையெழுத்து மாதிரியே இருக்கே” என்றாளாம். அவளுக்குக் கிடைத்தது அப்பா கேட்ட எழுத்தல்ல. ஆனால் அப்பா கேட்ட மரியாதை அதில் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே முடித்தால் இது நல்ல கதையாகிவிடும். தென்சென்னைப் புறநகரில் இருந்துகொண்டு பத்திரிகை எழுத்தைப் பற்றிப் பேசுகிறவன் அப்படி முடிக்க முடியாது.

2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பேனர்களுக்கு இடைக்காலத் தடை விதித்திருந்தது. 2019 செப்டம்பர் 12ஆம் தேதி, பள்ளிக்கரணையில், துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையில், வேலை முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது பேனர் ஒன்று சரிந்து விழுந்தது. நிலைகுலைந்து விழுந்தவர் மீது தண்ணீர் லாரி ஏறியது. அது ஓர் அரசியல் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காக வைத்த பேனர்.

அந்தப் பேனரில் என்ன எழுத்து இருந்தது என்பதல்ல என் பேச்சு. கையில் கொடுக்க வேண்டிய பத்திரிகை எப்போது தலைக்கு மேல் ஏறியது என்பதுதான். பத்திரிகையின் எழுத்து நெருங்கி வாசிக்கச் செய்தது. அதன் மெல்லிய கோடுகள் ஒரு முழ தூரத்துக்கானவை. தருகிறவர் குனிய வேண்டும், வாங்குகிறவர் எழ வேண்டும், இருவர் கையும் ஒரு கணம் ஒரே காகிதத்தைப் பிடித்திருக்க வேண்டும். அதே எழுத்தை இருபது அடிக்கு இழுத்துச் சாலையோரம் நட்டால் அழைப்பு அறிவிப்பாகிவிடுகிறது. அழைக்கப்படாதவர்கள் தலைக்கு மேல் தொங்கும் அழைப்பிதழ் அது. அதன் கீழே போகிற யாரும் அந்தக் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று வைத்தவர் எதிர்பார்க்கவில்லை. வழிவிட வேண்டும் என்று மட்டுமே எதிர்பார்க்கிறார். அங்கே நளினத்துக்கு முளைத்திருப்பது கொம்புதான்.

ஆகவே ஒரு எழுத்தை விசாரிக்கும்போது அது அழகா பகட்டா, சுதேசியா இறக்குமதியா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, யார் கைக்கு எட்டுகிறது என்று கேட்க வேண்டும். அந்தத் தூய்மைப் பணியாளர் கேட்ட சுழியும், சாலையை மறித்து நின்ற கல்யாணப் பேனரும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே ரசனைதான். ஒன்று வரைபடத்தில் தனக்கு இடம் கேட்கிறது. மற்றது சாலையையே தன் கூடமாக்கிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைக் காணாத விமர்சனம் இரண்டையும் சேர்த்துச் சிரிக்கும், அல்லது இரண்டையும் சேர்த்துக் கொண்டாடும்.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் கல்யாண அழைப்பிதழுக்கும் பெயர் பத்திரிகை, நாம் நடத்துவதற்கும் பெயர் பத்திரிகை. அவர்கள் வீடு வீடாகப் போய் வைக்கிறார்கள். “கூப்பிடத்தானே வைக்கிறோம்” என்று அந்த மனிதர் சொன்னதை நம் தலையங்கத்துக்கு மேலே அடித்துவைத்துக்கொண்டு, நாம் யாரைக் கூப்பிட வைக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.